பூடானில் குளிர்காலம் அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது

கேள்வி: ஆகஸ்டில் பூடானில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். ஊர் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாணவர் விடுதியும் உள்ள பள்ளி. "நவம்பர் வரட்டும், அப்போது தெரியும்" என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். குளிர் நெருங்கும்போது அன்றாட வாழ்க்கையும் பள்ளி வேலையும் எப்படி மாறும்? எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பதில்:

அவர்கள் நவம்பர் என்கிறார்கள், நான் அக்டோபர் என்பேன். பூடானின் மேற்கிலும் நடுப்பகுதியிலும் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: அங்கே குளிர்காலத்தின் பாதி வேலை குளிர் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். செப்டம்பர் இறுதியில் வரும் புனித மழை நாளோடு மழைக்காலம் விடைபெறுகிறது. அதன் பிறகு வீட்டுக் கூரைகளைப் பாருங்கள். சிவப்பு மிளகாய் பரப்பியிருப்பார்கள். சன்னல் ஓரங்களில் முள்ளங்கித் துண்டுகளும் டர்னிப் கீரையும் காயும். இறைச்சி வார்வாராகக் கயிற்றில் தொங்கும். சுவரோரத்தில் விறகு அடுக்கு நாளுக்கு நாள் உயரும். இதை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த வேலைகளில் நீங்களும் இறங்கிவிட்டால் டிசம்பர் உங்களை ஒன்றும் செய்யாது.

இரண்டாவது, பள்ளி ஆண்டின் அமைப்பு. பூடானில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடிகிறது. நம் ஊரில் பொதுத்தேர்வு என்றாலே வெயில். அங்கே பொதுத்தேர்வு என்றால் உறைபனி. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தேர்வு வாரியத்தின் தேர்வுகள் டிசம்பரில்தான் நடக்கின்றன. மற்ற வகுப்புகளின் ஆண்டுத் தேர்வு, விடைத்தாள் திருத்தம், மதிப்பெண் பதிவு எல்லாம் அதே வாரங்களில் வந்து விழும். ஆக, உங்கள் விரல்கள் மிகவும் விறைத்திருக்கும் நாட்களில்தான் நீங்கள் மிக அதிகமாக எழுத வேண்டியிருக்கும். இதை மனத்தில் வைத்தே மற்ற எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும்.

குளிரின் அளவைப் பற்றி ஒரு தெளிவு தேவை. திம்பு ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். பகலில் பத்து டிகிரியைத் தாண்டிவிடும். பும்தாங், ஹா மாவட்டங்களில் குளிர் இன்னும் கடுமை. புனாக்கா 1,200 மீட்டர் அளவில் இருப்பதால் குளிர்காலத்திலும் இதமாக இருக்கும். அதனால்தான் நாட்டின் தலைமைத் துறவியான ஜே கென்போவும் மையத் துறவியர் சபையும் குளிர்காலத்தில் திம்புவிலிருந்து புனாக்காவுக்கு இடம்பெயர்கிறார்கள். பல நூற்றாண்டு வழக்கம் இது. உங்கள் ஊரின் 2,500 மீட்டர் என்பது திம்புவைவிடச் சற்றுக் கூடுதலான குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலகின் பல பகுதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய குளிரே இல்லை. ஆனால் இங்கே கட்டடங்களுக்குள் பொதுவான வெப்பமூட்டும் ஏற்பாடு கிடையாது. ரஷ்யாவிலோ கனடாவிலோ வெளியேதான் குளிர், உள்ளே கதகதப்பு. பூடானில் நவம்பர் காலை எட்டரை மணிக்கு வகுப்பறைக்குள் இருப்பதைவிட வெளியே வெயிலில் நிற்பது கதகதப்பாக இருக்கும். வானம் பெரும்பாலும் நிர்மலமாக இருக்கும். வெயில் இருக்கும் இடத்துக்கும் நிழல் விழும் இடத்துக்கும் இடையே ஒரு சட்டையின் வித்தியாசம் உண்டு. மலை இடுக்கு என்பதால் சூரியன் அதிகாரப்பூர்வமாக மறைவதற்கு வெகு முன்பே, மூன்றரை நான்கு மணிக்கே, மேற்கு முகட்டுக்குப் பின்னால் போய்விடும். அந்தக் கணத்திலிருந்து குளிர் இறங்கும். குளிர்கால மாதங்களில் அரசு அலுவலகங்களே மாலை நான்கு மணிக்கு மூடிவிடுவது நீண்டகால வழக்கம். வங்கி வேலை, அனுமதிச் சீட்டு வேலை எதுவானாலும் முற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். முதல் கேள்வி புகாரி வாங்குவதா, மின் ஹீட்டர் வாங்குவதா என்பதாக இருக்கும். புகாரி என்பது புகைக்குழாய் பொருத்திய இரும்பு விறகடுப்பு. அறையைச் சூடாக்கும், மேலே ஒரு கெண்டித் தண்ணீரும் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். ஆசிரியர் குடியிருப்பில் புகைக்குழாய்க்கு வழி விட்டிருந்தால் புகாரியே என் தேர்வு. காரணம் சூடு மட்டும் இல்லை. மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹீட்டரையும் அரிசிக் குக்கரையும் போடும்போது மின்னழுத்தம் தொய்ந்துவிடும். பூடான் நீர்மின்சாரம் விற்கும் நாடுதான். ஆனால் குளிர்காலத்தில் ஆறுகள் மெலிந்துவிடுவதால் அந்த மாதங்களில் இந்தியாவிலிருந்து மின்சாரம் வாங்குகிறது. இருந்தாலும் ஒரு சிறிய ஹீட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்தவுடன் கால் மணி நேரம் பயன்படுத்த அதுதான் வசதி.

விறகை இந்த மாதமே வாங்குங்கள். தனியாக வாங்காமல் பக்கத்து வீட்டு ஆசிரியரோடு சேர்ந்து ஒரு வண்டி இறக்கினால் செலவும் குறையும், அனுமதி பெற்ற விறகுதானா என்பதையும் அவர் பார்த்துக்கொள்வார். பிளந்து, கூரைக்கு அடியில், காற்று புகும்படி அடுக்க வேண்டும். கருவாலி மரம் நின்று எரியும். பைன் சீக்கிரம் பற்றிக்கொள்ளும், ஆனால் பிசின் உள்ள மரம் என்பதால் குழாயில் கரி படியும். படிந்த கரி ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். ஆகவே பற்றவைக்க மட்டும் பைன், பிறகு கருவாலி. பருவத்தில் ஓரிரு முறையாவது குழாயைக் கழற்றித் தட்டிவிடுங்கள்.

அடுத்ததை வற்புறுத்திச் சொல்கிறேன். புகாரி எரியும் அறையில் சன்னலில் ஒரு விரற்கடை இடைவெளி எப்போதும் இருக்கட்டும். தூங்கப் போகும்போது நெருப்பை அணையவிடுங்கள். தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள் போகும் பழக்கம் சிலருக்கு உண்டு. மூடிய அறையில் அது கார்பன் மோனாக்ஸைடை நிரப்பும். நீங்கள் வேதியியல் ஆசிரியர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அலுப்பும் குளிரும் சேர்ந்த இரவில் தெரிந்தவர்களும் இதைச் செய்துவிடுகிறார்கள். உங்கள் மாணவர்களுக்கும் நவம்பரில் ஒரு வகுப்பு முழுதும் இதைப் பற்றியே பேசுங்கள். பாடத்திட்டத்தில் இருக்கும் எதையும்விட அது பயன்படும். படுக்கைக்குத் தடித்த போர்வையும் ரப்பர் வெந்நீர்ப் பையும் போதும்.

தண்ணீர். இரவில் குழாய் உறையத் தொடங்கும் நாள் எது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. நவம்பர் நடுவிலிருந்து ஒவ்வொரு இரவும் இரண்டு வாளியும் ஒரு குடமும் நிரப்பி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். வெளியே தெரியும் குழாய்களுக்குப் பழைய துணியோ நுரைப்பஞ்சோ சுற்றிக் கட்டுங்கள். உறைந்துவிட்டால் கொதிநீரைக் குழாயின் மேல் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். பத்து மணி வெயில் தானாக இளக்கிவிடும். நீங்கள் அப்போது மூன்றாவது பாடவேளையில் இருப்பீர்கள், அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லாக் குழாய்களும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். உறைந்த குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர்களின் வீடு மாலையில் குளமாக இருக்கும்.

குளியலைப் பற்றிக் கூச்சப்படாமல் சொல்கிறேன். தினமும் தலைக்குக் குளித்தே தீருவேன் என்று நிற்காதீர்கள். அங்குள்ளவர்களுக்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. மரத்தொட்டியில் நீர் நிரப்பி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய ஆற்றுக் கற்களை அதில் இறக்கி, மாசிப்பத்திரித் தழைகளைப் போட்டுக் குளிக்கும் கல்வெந்நீர்க் குளியல். ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாராவது அழைத்தால் மறுக்காமல் போங்கள். வாரம் முழுதும் சேர்ந்த விறைப்பு அதில் போய்விடும்.

சமையலில் இரண்டு விஷயங்கள் உங்களைப் படுத்தும். ஒன்று உயரம். 2,500 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் நடக்காது. மாற்று ரப்பர் வளையங்களைக் கையிருப்பில் வையுங்கள். இரண்டாவது, இட்லி மாவு. நவம்பருக்குப் பிறகு மேடையில் வைத்த மாவு இரண்டு நாளானாலும் அப்படியே கிடக்கும். புகாரிக்குச் சற்றுத் தள்ளி, கம்பளியில் சுற்றி வைத்தால் பொங்கும். அடுப்புக்கு மிக அருகில் வைத்தால் ஒருபக்கம் வெந்து மறுபக்கம் பச்சையாக இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும் என்பதால் அதைக் குறுகிய வாயுள்ள பாட்டிலில் வைக்காமல் அகன்ற வாயுள்ள டப்பாவில் வையுங்கள்.

இவற்றுக்காக அலைவதைவிட, குளிர்காலத்தில் அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம் என்பது என் திடமான கருத்து. காய்ந்த மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த எமா தட்ஷி சிவப்பரிசிச் சோற்றோடு வயிற்றுக்குள் போகும்போது காது வரை சூடேறும். பும்தாங் பக்கமானால் கோதுமைக்குப் பதில் பாப்பரை (பக்வீட்) மாவில் செய்த அடையும் நூடுல்ஸும் கிடைக்கும். உப்பும் வெண்ணெயும் போட்ட சுஜா தேநீர் நமக்குப் பிடிக்க நாளாகும், ஆனால் உதடும் தோலும் வெடிக்கும் அந்த வறண்ட காற்றில் உடம்பு அதைக் கேட்கும். பச்சைக் காய்கறிகள் குளிரில் குறைந்துவிடும். இந்திய மிளகாயை 2016-லிருந்து பூச்சிமருந்து எச்சம் காரணமாகத் தடை செய்திருப்பதால் குளிர்கால மிளகாய் விலை ஏறும். ஆகவே உள்ளூர் வத்தலை இப்போதே வாங்கி வையுங்கள். நவம்பரிலிருந்து சிராங் போன்ற தென்மாவட்டங்களின் ஆரஞ்சுகள் சந்தைக்கு வரும். அவற்றை மட்டும் கணக்குப் பார்க்காமல் வாங்குங்கள்.

உடை பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை. கம்பளிக் காலுறை, தொப்பி, கழுத்துத் துணி அவசியம். ஆண்களின் கோ, பெண்களின் கிரா என்ற தேசிய உடைகளை வெளிநாட்டவர் அணியக் கட்டாயமில்லை. ஆனாலும் டிசம்பர் 17 தேசிய நாள் விழாவுக்காவது அணிந்து பாருங்கள். கோ ஒரு கம்பளிக் கூடாரம் போல உடம்பைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே எத்தனை அடுக்கு போட்டாலும் வெளியே தெரியாது. கால் விரல்கள் சிவந்து வீங்கி அரிப்பெடுத்தால் நெருப்பின் பக்கத்தில் காலை நீட்டாதீர்கள். விறைத்த காலைச் சட்டென்று சூடாக்குவதால்தான் அந்த வீக்கம் கூடுகிறது. ஈரக் காலுறையை மாற்றி, மெல்லச் சூடேற விடுங்கள்.

இப்போது பள்ளி. இதில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

அக்டோபரிலேயே பாடத்தை முடித்துவிடப் பாருங்கள், குறைந்தது கடினமான பகுதிகளையாவது. நவம்பர் காலையில் முதல் இரண்டு பாடவேளைகளில் பிள்ளைகள் கையைக் கோவின் மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். அது அலட்சியம் இல்லை. அந்த நேரத்தில் நீண்ட குறிப்பு எழுதவைப்பது வீண் வேலை. கேள்வி கேளுங்கள், எழுந்து பலகையில் எழுதச் சொல்லுங்கள், குழுவாகப் பேசவிடுங்கள். எழுத்து வேலையைப் பதினொரு மணிக்கு மேல் தள்ளுங்கள். தலைமை ஆசிரியர் அனுமதித்தால் வகுப்பையே வெயிலுக்குக் கொண்டுபோகலாம். பல பள்ளிகளில் இது வழக்கம்தான். நிழலில் ஒரு பாடவேளை முழுதும் நடத்தியதைவிட வெயிலில் அரைப் பாடவேளை அதிகமாகப் பதியும் என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

உங்கள் ஆய்வகம் குளிர்காலத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அடர் அசெட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் உறையும். நவம்பரில் ஒரு காலை அலமாரியைத் திறந்தால் பாட்டில் முழுதும் பனிக்கட்டிபோல் இருக்கும். மூடியைத் தளர்த்தி வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்குங்கள். எரியக்கூடிய திரவம் என்பதால் சுடர் அருகே வரக் கூடாது. நீர்த்த கரைசல்களைக் கழுத்து வரை நிரப்பி வைக்காதீர்கள். இரவில் உறைந்து விரிந்தால் கண்ணாடி போய்விடும். பியூரெட்டுகளைக் கழுவியதும் நீர் வடித்துத் தலைகீழாக மாட்டுங்கள். தயோசல்பேட்டும் அமிலமும் கலந்து நேரம் பார்க்கும் சோதனை, பாடநூலில் சொன்னதைவிட வெகு மெதுவாக நடக்கும். செய்முறைத் தேர்வு நாளில் இது மாணவர்களைக் குழப்பும், ஆகவே முன்பே ஒருமுறை அதே குளிரில் செய்துகாட்டிவிடுங்கள்.

இதையே பாடமாகவும் ஆக்கலாம். பாடநூலில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது என்று படித்த பிள்ளைகளிடம் வெப்பமானியைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். 92 அருகே நின்றுவிடும். தங்கள் ஊர் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை ஒரு பானைத் தண்ணீரைக் கொண்டு அவர்களே கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அமிலப் பாட்டில் உறைந்ததையும் ஒளித்து வைக்காமல் வகுப்புக்கு எடுத்துப் போங்கள். உருகுநிலை என்ற சொல் அதற்குப் பிறகு அவர்களுக்கு மறக்காது.

விடுதிப் பிள்ளைகளைப் பற்றி. முறைவைத்து வரும் பொறுப்பாசிரியர் பணியை அங்கே எல்லாரும் டி.ஓ.டி. என்பார்கள். அந்த வாரம் உங்களுக்கு வந்தால், விடிகாலைப் படிப்பு நேரத்திலிருந்து இரவுப் படிப்பு வரை அவர்களோடு இருப்பீர்கள். வருகைப் பதிவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். யாருக்குக் காலுறை இல்லை, யார் ஒற்றைப் போர்வையில் படுக்கிறார்கள், யாருடைய கைகளில் வெடிப்பு ரத்தம் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். தொலைதூரக் கிராமப் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மரியாதைக்கு ஒரு 'லா' சேர்த்து "நன்றாக இருக்கிறேன் லா" என்றே சொல்வார்கள். குளிரில் துணி துவைப்பதும் குளிப்பதும் குறைவதால் சொறி சிரங்கு விரைவாகப் பரவும். ஒருவருக்கு வந்தால் அறை முழுவதற்கும் மருந்து போட வேண்டும்.

இன்னொன்றை முக்கியமாகக் கவனியுங்கள். ஒரு பிள்ளை கால் மரத்துப்போகிறது, படி ஏற முடியவில்லை என்று சொன்னால் "குளிர்தான்" என்று அனுப்பிவிடாதீர்கள். பூடானின் விடுதிப் பள்ளிகளில் தயமின் எனும் பி1 வைட்டமின் குறைவால் நரம்புப் பாதிப்பு பலமுறை ஒரே சமயத்தில் பல மாணவர்களுக்கு வந்திருக்கிறது. அதைத் தொடர்ந்துதான் ஊட்டச்சத்து சேர்த்த அரிசி பள்ளி உணவில் வந்தது. குளிரின் மரப்பு சூடேறினால் போய்விடும். இது போகாது, இரு கால்களிலும் இருக்கும். அன்றே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

தேர்வு நாட்களில் கண்காணிப்பாளராக நிற்கும்போது, விதி அனுமதிக்கும் அளவுக்குள் இரக்கம் காட்டுங்கள். வினாத்தாள் கொடுப்பதற்கு முன் எல்லாரும் கையைத் தேய்த்துச் சூடேற்ற ஒரு நிமிடம் கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. சில ஜெல் பேனாக்கள் குளிரில் எழுத மறுக்கும். பென்சில் பெட்டியை இரவு போர்வைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடைத்தாள்களை நீங்கள் திருத்துவதற்கு ஓர் ஏற்பாடு சொல்கிறேன்: தனித்தனி வீட்டில் உட்காராமல், ஒரே துறையைச் சேர்ந்த மூன்று நான்கு பேர் ஒரு புகாரியைச் சுற்றி உட்காருங்கள். விறகு மிச்சமாகும், வேலையும் வேகமாக நடக்கும். அண்மைக் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போன பூடான் ஆசிரியர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. அதனால் இருப்பவர்கள் தலையில் பாடவேளைகள் கூடியிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த உங்களிடம் அவர்கள் எதிர்பார்ப்பது முதலில் துணையைத்தான்.

தனிமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு அங்கே தேசிய விடுமுறை கிடையாது. அன்று காலை நீங்கள் வகுப்பில் நிற்பீர்கள், வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுக்க முடியாது. பூடான் நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முந்தியது என்பதை வீட்டாருக்குச் சொல்லி, இரவு எட்டரைக்கு மேல் பேச வையுங்கள். தென்பகுதியைச் சேர்ந்த நேபாளி மொழி பேசும் சக ஆசிரியர்கள் அதே நாட்களில் தீகார் கொண்டாடுவார்கள். அவர்கள் வீட்டு விளக்குகளுக்கு நடுவே போய் உட்காருங்கள். அறுவடை முடிந்த பிறகு வீட்டுக்கு வீடு ஆண்டுப் பூஜை நடக்கும். துறவிகள் ஓதுவார்கள், ஊரே சாப்பிடும். அழைப்பு வந்தால் ஒரு சிறு பொருளோடு போங்கள். ஹாவில் இருப்பவராக இருந்தால் குளிர்காலப் புத்தாண்டில் பாப்பரை மாவில் செய்த ஹோன்டே கொழுக்கட்டை கிடைக்கும்.

மொழி தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். 1960-களின் தொடக்கத்தில் ஆங்கிலம் பயிற்றுமொழியாவதற்கு முன் பூடான் பள்ளிகளில் இந்தியில்தான் பாடம் நடந்தது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். உங்களை "சார் லா" என்றோ "மேடம் லா" என்றோ அழைத்து, தங்கள் பழைய ஆசிரியரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். நமக்கு முன்னால் போனவர்கள் சம்பாதித்து வைத்த மரியாதை அது. அதைப் பேணும் பொறுப்பு இப்போது உங்களிடம் வந்திருக்கிறது.

ஒரு சனி ஞாயிறு கிடைத்தால் போப்ஜிகா பள்ளத்தாக்குக்குப் போய் வாருங்கள். அக்டோபர் இறுதியிலிருந்து திபெத்தியப் பீடபூமியிலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் வந்து இறங்கும். நவம்பர் 11 அன்று அவற்றுக்கு விழா. அந்தப் பறவைகள் மோதிக்கொள்ளக் கூடாது என்று மின்கம்பிகளையே நிலத்துக்கடியில் புதைத்த பள்ளத்தாக்கு அது. இரவுக் குளிர் உங்கள் ஊரைவிடக் கடுமை, கூடுதல் போர்வை வேண்டும்.

முதல் பனிப்பொழிவு நாளில் திம்புவில் விடுமுறை விடுவது வழக்கம். உங்கள் மாவட்டத்தில் விடுமுறை உண்டா என்பதை அன்று காலையில்தான் சொல்வார்கள். பனி பெய்யும் நாளைவிட அடுத்த நாள் காலைதான் ஆபத்து. மிதிபட்டு இறுகிய பனி வழுக்கும்.

விடுமுறைப் பயணத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். இந்திய ரயில்களில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. தேசிய நாளை ஒட்டிப் பள்ளி முடிந்ததும் கிளம்புவதாக இருந்தால், அக்டோபர் மூன்றாம் வாரத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஆனால் முடிவு அறிவிப்பும் ஆசிரியர் கூட்டமும் எந்தத் தேதியில் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். மேற்கில் இருப்பவர்களுக்கு எல்லை நகரமான புன்ட்ஷோலிங், இந்தியப் பக்கத்து ஜெய்கான், ஹாசிமாரா ரயில் நிலையம் என்பதுதான் வழி. கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு சம்ட்ரூப் ஜோங்கர் வழியாக கௌஹாத்தி. திம்புவிலிருந்து புன்ட்ஷோலிங் 150 கிலோமீட்டர் அளவுதான், ஆனால் மலைச்சாலை, ஒரு பகலில் பெரும்பகுதி போய்விடும். 3,100 மீட்டர் உயர தோச்சுலா போன்ற கணவாய்களை விடியற்காலையில் கடக்காதீர்கள், சாலையில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி இருக்கும். வடவங்கத்திலும் பீகாரிலும் டிசம்பர் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஹவுராவில் அடுத்த ரயிலுக்கு இடையே அரை நாளாவது விடுங்கள். எப்படியும் பொங்கலுக்கு வீட்டில் இருப்பீர்கள்.

கிளம்பும் முன் வீட்டின் முதன்மைக் குழாயை மூடி, மற்ற எல்லாக் குழாய்களையும் திறந்து, கீசரில் இருக்கும் நீரையும் வடித்துவிடுங்கள். இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் குழாய் வெடித்தால் பிப்ரவரியில் உங்களுக்கு வீடே இருக்காது. அரிசி பருப்பை எலி எட்டாத தகரத்தில் போடுங்கள். சாவியை ஊரில் தங்கும் ஒருவரிடம் கொடுங்கள். விறகில் நான்கில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். பலர் பிப்ரவரியை வசந்தம் என்று நினைத்துத் திரும்பி வருகிறார்கள். பனி பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான் விழுகிறது, மார்ச் வரை இரவுகள் கடுமையாகவே இருக்கும், அந்த வாரங்களில் காய்ந்த விறகு யாரிடமும் விலைக்குக் கிடைக்காது.